ஆற்றைக் கடந்தவர்

பர்பேங்க், கலிபோர்னியா
1954 மார்ச் 9

திருமதி லிபி வோந்திரா அவர்களுக்கு,

என் பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். போரில் உங்கள் கணவர் கேப்டன் எமில் வோந்திரா இத்தாலியில் இறந்தபோது அவருடைய ரெஜிமென்ட்டுக்குக் கர்னலாக இருந்தவன் நான். அப்போது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போகும்போது ஜெனரல் என்று ஒரு பதவியையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இங்கே ஒரு ஸ்டுடியோ என் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. வாழ்க்கை என்று பெயரே தவிர, அவர்களுக்கு வேண்டியது நம் ரெஜிமென்ட் அந்த ஆற்றைக் கடந்த ஒரு நாள்தான். ‘ஆற்றைக் கடந்தவர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என்னையே ராணுவ ஆலோசகராக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சட்டைப் பித்தானிலிருந்து பீரங்கி வரை எல்லாம் அன்று இருந்தபடி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்ட வேண்டுமா, தொங்கவிட வேண்டுமா என்று நேற்று ஒரு பகல் முழுக்க வாதாடி ஜெயித்தேன். என் வேடத்தில் நடிப்பவர் என்னைவிட ஒரு தலை உயரம். அதைப் பற்றி மட்டும் நான் வாதாடவில்லை.

எமிலின் பெயரையும் படத்தில் வைக்க விரும்புகிறார்கள். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கதைக்கு ஏற்ப மாற்றங்கள் செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும் வரிதான் என்கிறார் வக்கீல். எமிலைப் பற்றி ஒரு பொய்யும் வராது. அதற்கு நான் பொறுப்பு.

உங்கள்,
ஹார்லன் விட்காம்


வால்பர்க், நெப்ராஸ்கா
1954 மார்ச் 22

ஜெனரல் விட்காம் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உடனே போட்டுவிடவில்லை. எமிலின் அப்பா வாத்ஸ்லாவ் என்னோடுதான் இருக்கிறார். எமில் போன பிறகு தன் பேக்கரியை விற்றுவிட்டு வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, வீட்டில் செக் மொழிதான். படித்துச் சொன்னதும், “படக்காரனுக்கு எதுக்கு நம்ம பேரு? அவன்கிட்ட பேருக்கா பஞ்சம்?” என்றார். நான்தான், “எழுதியிருக்கிறது ஸ்டுடியோக்காரன் இல்ல மாமா, எமிலோட கர்னல்” என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பிறகு பேனாவை என் பக்கம் அவரே தள்ளினார்.

எமிலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததையாவது சொல்கிறேன், நடிப்பவருக்கு உதவும். அவர் நன்றாக நடனமாட மாட்டார், ஆனால் கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டார். சனிக்கிழமை நடனம் முடிந்து வந்தால் என் கால் விரல்கள் வீங்கியிருக்கும். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. எங்கள் ஊர் ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர், அதிலும் அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. படத்தில் அவர் நீந்தினால் நான் தியேட்டரில் சிரித்துவிடுவேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறேன். ஊரில் யார் யாரிடம் என்ன பேசினாலும் என் கை வழியாகத்தான் போகிறது. அதனால் படம் வரப்போவது இப்போதே எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எமில் வருகிற பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அவர் எப்படி இறந்தார் என்று உங்கள் கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. படத்திலாவது முழுவதும் தெரிந்துகொள்கிறேன்.

லிபி வோந்திரா


பர்பேங்க்
1954 ஆகஸ்ட் 30

அன்புள்ள திருமதி வோந்திரா,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். படப்பிடிப்பு மும்முரமாக நடக்கிறது. ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்து, நடுவில் பள்ளம் தோண்டி, பம்பு வைத்துத் தண்ணீர் ஓடவிட்டு ஆறு செய்திருக்கிறார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரையெல்லாம் சுண்ணாம்புத் தூள் கொட்டிப் பனி ஆக்கியிருக்கிறார்கள். கோட்டு போட்ட சிப்பாய்கள் மயங்கி விழுகிறார்கள். ஆனால் கேமராவின் பின்னால் நின்று பார்க்கும்போது எனக்கே குளிர் நினைவு வருகிறது. சீருடை, துப்பாக்கி, வண்டிகளின் எண்கள், எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. இதில் எனக்குப் பெருமைதான்.

எமிலாக நடிக்கும் இளைஞன் நாடகத்திலிருந்து வந்தவன். நல்ல நடிகன்.

திரைக்கதையில் அங்கங்கே சில மாற்றங்கள் வருகின்றன. திருத்திய பக்கங்கள் தினமும் வேறு வேறு நிறத் தாளில் வருவதால் எதை அனுப்புவது என்று தெரியவில்லை. முடிந்ததும் எழுதுகிறேன். உங்கள் மாமனாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஹார்லன் விட்காம்


வால்பர்க்
1954 நவம்பர் 14

ஜெனரல் அவர்களுக்கு,

பண்ணை, பம்பு, சுண்ணாம்பு எல்லாம் படித்தேன். எமிலைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதுவும் நடிகனைப் பற்றி.

என்ன மாற்றம் என்று கேட்டால் சொல்வீர்களா? தியேட்டர் வைத்திருக்கும் ஹாவ்லிக், வசந்தத்தில் படம் வருகிறது, முதல் காட்சிக்கு எங்கள் இருவருக்கும் முன்வரிசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா தன் பழைய சூட்டை வெட்டிச் சின்னதாக்கத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். இளைத்துவிட்டார்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

லிபி வோந்திரா


வால்பர்க்
1955 மார்ச் 28

ஜெனரல் விட்காம்,

நவம்பரில் எழுதியதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு மதியக் காட்சி. சர்ச்சிலிருந்து நேராகத் தியேட்டருக்கு ஊரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து பேண்டு வாசித்தார்கள். மேயர் எங்களைக் கைபிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். மாமா சூட்டு போட்டு, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு திரைக்கு மிக அருகில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். எமிலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதல் காட்சியில் பின்னாலிருந்து கைதட்டினார்கள். மாமா என் கையை அழுத்தினார்.

பிறகு அந்தப் பண்ணை வீட்டுக் காட்சி வந்தது. ஆற்றைக் கடக்கச் சொல்லி நீங்கள் உத்தரவு கொடுக்கிறீர்கள். எமில் அழுகிறார். சின்னப் பிள்ளை மாதிரி, மேஜையில் தலையை வைத்து, மூக்கு ஒழுக அழுகிறார். “என்னால முடியாது கர்னல், வேற யாரையாவது அனுப்புங்க” என்கிறார். நீங்கள் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறீர்கள். பிறகு அந்தப் பேச்சு. ‘பயம் எல்லாருக்கும் வரும், அதைத் தூக்கிக்கிட்டு நடக்கிறவன்தான் ஆம்பளை’ என்று தொடங்கும் பேச்சு. இன்று காலை பள்ளிக்கூடம் போகும் பையன்கள் அதை ஒப்பித்துக்கொண்டு போனார்கள். பிறகு நீங்கள் முதலில் தண்ணீரில் இறங்குகிறீர்கள், ஆட்கள் பிடித்துக் கடப்பதற்கான கயிற்றை நீங்கள் அக்கரைக்குக் கொண்டு போகிறீர்கள். எமில் வெட்கப்பட்டுப் பின்னால் வருகிறார். ஒரு குண்டு விழுகிறது. உங்கள் மடியில் சாகும்போது உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

விளக்கு போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் முதலில் போகட்டும் என்று காத்திருந்தார்கள். எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டு தேடினார்கள். ஹாவ்லிக் வாசலில் வந்து, “படம்தானே லிபி, அப்படி இப்படித்தான் எடுப்பாங்க” என்றார். மாமா அவரிடம் இங்கிலீஷில், “அது என் பையன் இல்ல” என்றார். வீடு வரும்வரை அதையே செக் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்று எக்ஸ்சேஞ்சில் லைன்கள் அமைதியாக இருந்தன. நான் கேட்கிறேன் என்று தெரிந்தவர்கள் வானிலை பேசினார்கள்.

ஓமஹா பேப்பருக்கு எழுதிவிட்டேன். கேப்டன் வோந்திரா தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, இந்தக் காட்சி முழுப் பொய் என்று எழுதினேன். அடுத்த வாரம் போடுகிறார்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ‘ஆம், இது பொய்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பொறுப்பு என்று சொன்னவர் நீங்கள்.

லிபி வோந்திரா


பர்பேங்க்
1955 ஏப்ரல் 3

திருமதி வோந்திரா அவர்களுக்கு,

அந்த வரியில் என்னால் கையெழுத்திட முடியாது. பேப்பரில் வருவதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறேன். கடைசி வரை படியுங்கள்.

எமில் அழுதார். பண்ணை வீட்டில், மேஜையில், படத்தில் காட்டியது போலத்தான். நடிகனிடம் அதைச் சொன்னவனே நான்.

நடந்தது இது. படகுகளையெல்லாம் எதிரியின் பீரங்கி நொறுக்கிவிட்டது. யாராவது ஒருவர் கயிற்றை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டினால்தான் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போக முடியும். எமிலின் கம்பெனிச் சிப்பாய்கள் முதலில் போக வேண்டும் என்று உத்தரவு கொடுத்தேன். மற்ற அதிகாரிகள் வெளியே போய்விட்டார்கள். எமில் மட்டும் உட்கார்ந்திருந்தார். நீச்சல் தெரியாது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அழுதார். ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறகு எழுந்து முகத்தைக் கழுவினார். “எந்த இடத்துல ஆழம் கம்மி, சார்?” என்று கேட்டார். வரைபடத்தில் காட்டினேன். போனார். வேறு ஆளை அனுப்பாமல் கயிற்றைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு இறங்கினார் என்று அவருடைய சார்ஜென்ட் சொன்னார். இரண்டு தடவை தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, இரண்டு தடவையும் எழுந்திருக்கிறார். அக்கரையில் கயிற்றைக் கட்டினார். அவருடைய ஆட்கள் எல்லோரும் கடந்த பிறகுதான் அவர் மேல் குண்டு பட்டது. நான் அந்தச் சமயத்தில் பண்ணை வீட்டில் டெலிபோன் பக்கத்தில் இருந்தேன். ஒரு ரெஜிமென்ட்டின் கர்னல் இருக்க வேண்டிய இடம் அதுதான். நான் ஆற்றைக் கடந்தது மறுநாள், எஞ்சினியர்கள் போட்ட பாலத்தில், ஜீப்பில்.

திரைக்கதை எழுதுபவரோடு ஒரு மதியச் சாப்பாட்டில் இதையெல்லாம் சொன்னேன். நான் பார்த்ததிலேயே பெரிய வீரம் இது என்றுதான் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சில வாரங்களில் அவர் எழுதிய தாள் வந்தது. அழுகை எமிலிடமே இருந்தது. கயிறு என் கைக்கு வந்திருந்தது.

தயாரிப்பாளர் கேரிக்கிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, பொறுமையாகக் கேட்டார். “ஜெனரல், தியேட்டருக்கு வர்றவன் உங்களைப் பார்க்க வர்றான். உங்களை டெலிபோன் பக்கத்துல உக்கார வச்சா, அவன் பாப்கார்ன் வாங்க எந்திரிச்சுப் போயிருவான். ஆத்தை ரெண்டு பேர் கடந்தா ஒருத்தரும் மனசுல நிக்க மாட்டாங்க. ஒருத்தர் கடக்கணும்” என்றார். எமில் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். “அந்தம்மாதான் கையெழுத்துப் போட்டுட்டாங்களே” என்றார்.

அப்போதே வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அதற்குக் காரணம் கேரிக் அல்ல. எடுத்த காட்சிகளை அன்றன்று ஒரு சின்ன அறையில் போட்டுக் காட்டுவார்கள். அந்த உயரமான மனிதர் என் சீருடையில், என் பெயரோடு, மார்பளவு தண்ணீரில் கயிற்றை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் வார் சரியாக இருந்தது. துப்பாக்கி சரியாக இருந்தது. சரி பார்த்துக் கொடுத்தவன் நானே. எல்லாமே சரியாக இருந்ததால் தண்ணீரில் நடப்பவரும் நான்தான் என்று அந்த நிமிடம் நம்பினேன். விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து என்னிடம் கைகுலுக்கினார்கள். நான் கை கொடுத்தேன்.

உங்கள் நவம்பர் கடிதம் என் மேஜை மேலேயே இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஹார்லன் விட்காம்


வால்பர்க்
1955 ஏப்ரல் 9

ஜெனரல்,

உங்கள் கடிதம் வருவதற்குள் பேப்பரில் வந்துவிட்டது. ஊரே படித்துவிட்டது. ‘ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.’ என் பெயரோடு.

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. முடியவில்லை. உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

திரையில் எமில் அழுதபோது, இது பொய் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. முதலில் தோன்றியது, ஐயோ ஊர் பார்க்கிறதே என்பது. எமிலைக் குறித்து வெட்கப்பட்டேன். அவர் அப்படிச் செய்திருப்பாரோ என்று ஒரு ஓரத்தில் நம்பினேன். நம்பியதால்தான் அவ்வளவு சத்தமாக மறுத்தேன். இருட்டில் அவருக்காக ஒரு நிமிடம்கூட அழாமல் பின்வரிசைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டீர்கள். நான் அவருடைய அழுகையைப் பிடுங்கிக்கொண்டேன். அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கடிதத்தில் எழுதினால் போதாது. இங்கே வாருங்கள். ஹாவ்லிக்கின் தியேட்டரில் நின்று எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லுங்கள். கயிற்றைச் சொல்வது போலவே அழுகையையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அது இன்னொரு சினிமா.

லிபி


பர்பேங்க்
1955 ஏப்ரல் 15

அன்புள்ள லிபி,

நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் படத்துக்கு எதிராகப் பொது இடத்தில் பேசுவதில்லை என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் வாஷிங்டனில் படத்தைச் சிறப்புக் காட்சியாகப் போடுகிறார்கள், ராணுவத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்து ஆட்கள் சேருகிறார்கள் என்கிறார்கள். அது முடியட்டும். கோடைக்குப் பிறகு, கொஞ்சம் அடங்கியதும், பொருத்தமான முறையில் ஏதாவது செய்யலாம் என்று வக்கீலும் கருதுகிறார்.

ஹார்லன் விட்காம்


வால்பர்க்
1955 ஏப்ரல் 19

ஜெனரல்,

கடிதம் கிடைத்தது. அதில் உங்கள் வக்கீல் நன்றாக எழுதியிருக்கிறார். நீங்கள் எப்போது எழுதுவீர்கள்?

லிபி


பர்பேங்க்
1955 ஏப்ரல் 24

லிபி,

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டுடியோவுக்குச் சொல்லிவிட்டேன். சீருடையில் வர மாட்டேன்.

ஹார்லன்


வால்பர்க்
1955 மே 12

அன்புள்ள ஹார்லன்,

அன்று நீங்கள் மாலை ரயிலுக்கு அவசரமாகப் போனதால் பேச முடியவில்லை. போகட்டும் என்றுதான் நானும் விட்டேன். ஆளில்லாத பிளாட்பாரத்தில் நிற்பதே நல்லது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

பேச்சு எதிர்பார்த்தது போல் நடக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உண்மைதான். பாதிப் பேர் அந்த உயரமான நடிகரை எதிர்பார்த்து வந்திருந்தார்கள் போல. நீங்கள் குட்டையாக, வழுக்கையாக, பழுப்புக் கோட்டில் வந்து நின்றதுமே ஒரு முணுமுணுப்பு. நீங்கள் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் வங்கிக்காரர், “ஜெனரல், அந்தப் பேச்சை மட்டும் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க, என் பொண்ணு ஆசைப்படுறா” என்றாரே. அப்போது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஹாவ்லிக் வேறு, “அப்ப நான் படத்தை ஓட்டலாமா, தூக்கணுமா?” என்று கேட்டார். நீங்கள், “ஓட்டுங்க, அது உங்க பொழப்பு” என்றீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மாமா எழுந்து கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். “என் பையன் அழுதப்போ நீங்க என்ன சொன்னீங்க? என்ன சொல்லி அவனை அனுப்பினீங்க?” நீங்கள், “ஒண்ணும் சொல்லல. அவர் முகத்தைக்கூடப் பார்க்கல. வரைபடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல” என்றீர்கள்.

அதை அப்படியே சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. தோளைத் தட்டினார், நல்ல வார்த்தை சொன்னார் என்று மாற்றிச் சொன்னால் கிழவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேரிக்குக்கும் எனக்கும் அந்த நொடியில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பிறகு நீங்கள் சொன்னதையே சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனம் உடைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையாம்மா?” என்றார். இல்லை மாமா என்றேன். “யாரும் காலரைப் பிடிச்சுத் தூக்கல?” இல்லை. “அப்ப அவனாத்தான் எந்திரிச்சுப் போயிருக்கான்” என்றார். மறுநாளிலிருந்து முடிதிருத்தும் கடையிலும், சர்ச் வாசலிலும், தபால் ஆபீசிலும் இதையே சொன்னார். அழுததை அவரே முதலில் சொல்லிவிட்டு, பிறகு இதைச் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நம்புகிறார்களா என்று தெரியவில்லை. பையன்கள் இன்னும் அந்தப் பேச்சைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

பேப்பருக்கு நானும் மறுபடி எழுதினேன், நான் எழுதியது தவறு என்று. சின்ன எழுத்தில், உர விளம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

ஸ்டுடியோ உங்கள் மேல் வழக்குப் போடும் என்று ஹாவ்லிக் சொல்கிறார். போட்டால் எழுதுங்கள். நான் சாட்சி சொல்ல வருவேன். உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். நானே இன்னும் எமிலிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று வால்பர்க்கில் படத்துக்குக் கடைசி நாள். மதியம் வேலை முடிந்து வந்தால் மாமா வீட்டில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். தியேட்டரில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போயிருக்கிறார் என்று ஹாவ்லிக் சொன்னார். இழுத்துக்கொண்டு வரலாம் என்று கதவைத் திறந்தேன். திரையில் பண்ணை வீடு. அந்த நடிகன் மேஜையில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தான். மாமா நடு வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலரைப் பிடிக்க உங்கள் கை மேஜைப் பக்கம் நீண்டதும் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“என்ன மாமா, பாதியிலயே வந்துட்டீங்க?” என்றேன்.

“அது வரைக்கும் சரியாத்தான் எடுத்திருக்காங்க” என்றார்.

லிபி